பைக்குக்கு ஒரு நங்கூரம்

"மொதல்ல ஒரு நங்கூரம் வாங்கிடணும்" என்று முன் சீட்டுக்காரர் சொன்னதும் நான் செல்போனைப் பையில் போட்டுவிட்டேன். இனி அதில் என்ன இருக்கிறது! பழவேற்காட்டில் பொன்னேரி பஸ் ஏறியதிலிருந்து அவரும் அவர் மனைவியும், முந்தாநாள் வாங்கிய பழைய பைக்குக்கு முதலில் என்ன மாட்டுவது என்று ஒரே சிரிப்பும் சண்டையுமாக வந்தார்கள்.

"பைக்குக்கு இன்னாத்துக்குயா நங்கூரம்?"

"சைடு ஸ்டாண்டு மணல்ல புதையுது. நேத்து மூணு வாட்டி சாஞ்சு, கிளச்சு லிவர் ஒடஞ்சிச்சா இல்லியா? அதனாலதான பஸ்ல போறோம்? நங்கூரம் போட்டா அந்தக் காத்துல படகே நிக்குது. இது நிக்காதா?"

"ஸ்டாண்டுக்கு அடியில ஒரு தகடு வெச்சு வெல்டிங் பண்ணு, போதும். எம்பொடவ சக்கரத்துல சிக்காம சாரி கார்டு போடு. நண்டுக் கூடைக்கு ஒரு கொக்கி போடு."

"எனக்கு ஏர் ஹாரன்."

"பின்னால நான் குந்தினு இருக்கசொல்லோ அது இன்னாத்துக்கு?"

கண்டக்டர் மீதிச் சில்லறையை மறந்து சிரித்தார். அந்த அம்மாள் குரலைத் தணித்தாள்.

"படகுல உங்கம்மா பேரு. வண்டியில?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "கலான்னு செவப்புல எழுதிடலாம்" என்றார்.

அவர் தோளில் பளார் பளாரென்று இரண்டு அடி விழுந்தது.

"எழுதுயா! என் பேரைப் போட்டப்புறம் அது எப்டி கீழ விழுதுனு நானும் பாக்கறேன்!"

அவர் சற்று யோசித்தார்.

"அப்ப ஒரு நங்கூரம் பத்தாது. ரெண்டா வாங்கிடலாம்."