கடத்தப்பட்ட கவுன்சிலர்

வீரையா: ...கை கழுவப் போன மாப்பிள்ளை, அதுக்கப்புறம் வெளிய வரவே இல்லை.

செம்மலை: எந்த மாப்பிள்ளை?

வீரையா: சரியாப் போச்சு. இட்லியிலயே கவனமா இருக்கீக. இந்த வீட்டுல பொண்ணெடுத்த மாப்பிள்ளையைச் சொல்றேன். அந்தக் கதவா, இந்தக் கதவான்னு திறந்து திறந்து உள்ளயே சுத்துனாரு. மூணு பிள்ளையும் பொறந்துச்சு. ஆனா ஆளை நேர்ல பார்த்தவுக யாரும் கிடையாது.

செம்மலை: மாமா, கதை கேக்குற நிலைமையிலயா நான் இருக்கேன்?

வீரையா: என்ன நிலைமை மாப்ள?

செம்மலை: என்ன நிலைமையா? என்னயக் கடத்தியாந்து அடைச்சு வச்சிருக்காங்கெ மாமா!

வீரையா: அட, ஆமா. நீங்க ரெண்டாந்தடவை சட்னி கேட்டதுல எனக்கு அது மறந்தே போச்சு.

செம்மலை: மெதுவா... வாசல்ல சேர்மன் ஆளுக நிக்கிறாங்கெ.

வீரையா: நிக்கிறாங்கெ, ரெண்டு பேரு. ஒருத்தன் போன்ல படம் பாக்குறான். இன்னொருத்தன், அவன் பாக்குற படத்தை எட்டிப் பாக்குறான்.

செம்மலை: நான் இங்க இருக்கேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

வீரையா: தெரியாது. கண்டரமாணிக்கத்துல இந்த வீட்டுக்குச் சாவிக்காரன் நான். முதலாளிமாரு மலேசியாவுல இருக்காக. முந்தாநாள் டவுன்ல இருந்து ஆள் வந்து, 'கெஸ்டு ஒருத்தர் தங்கணும், சாப்பாட்டை வாசல்ல குடுத்துட்டுப் போ'ன்னாங்கெ. கெஸ்டுன்னா வெள்ளைக்காரன்னு நினைச்சேன். இன்னைக்கு அவங்களுக்கு எந்திரிக்கச் சோம்பல். 'நீயே உள்ள கொண்டு போ'ன்னுட்டாங்கெ. விடியக் காப்பியோட வந்து பாத்தா, கட்டில்ல நம்ம வார்டு கவுன்சிலரு! டம்ளரைக் கீழ போட்டுருப்பேன். நல்ல டம்ளர், மனசு வரலை.

செம்மலை: ஊர்ல... என்ன பேசிக்கிறாக?

வீரையா: ஊர்ல ஏது ஆளு? எல்லாம் ரோட்டுல இருக்காக. நேத்து விடிஞ்சதுல இருந்து திருப்பத்தூர் ரோட்டை மறிச்சு உக்காந்தாச்சு. 'எங்க கவுன்சிலரைக் கண்டுபிடிச்சுக் குடு'ன்னு ஒரே சத்தம். நாச்சியார் இருக்காளே, நடக்க முடியாதவ, அவ கட்டிலோட வந்து நடுரோட்டுல படுத்துட்டா. லாரிக்காரன் ஆரன் அடிச்சா, 'செத்த மெதுவா அடிப்பா, கண்ணு அசருது'ங்கிறா.

செம்மலை: எனக்காகவா மாமா?

வீரையா: உங்களுக்காகன்னு சொல்ல முடியாது. உங்க கைக்காக. பதினோரு மணிக்கு நகராட்சியில சேர்மன் மேல நம்பிக்கையில்லாத் தீர்மானம் வருதுல்ல...

செம்மலை: தெரியும்.

வீரையா: தெரியும்னுதான் நினைச்சேன். ஊருணியில குப்பையைக் கொட்டாதேன்னு நம்ம சனம் ஒரு கேள்வி கேட்டுச்சு. அன்னைக்கோட, வார்டு சனம் கூடிப் பேசுற ஏரியா சபைக் கூட்டத்தையே நிப்பாட்டுன ஆளு அந்தச் சேர்மன். எவனும் கேள்வி கேக்கக்கூடாது, கேட்டா கேசு. அந்தாளை இறக்கணும்னு முதல்ல சொன்னது யாரு? அய்யனார் கோயில்ல சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணி...

செம்மலை: நான்தான். இப்ப யாரு இல்லைன்னா?

வீரையா: இல்லைங்கலையே. அன்னைக்கு உங்களைத் தோள்ல தூக்குனவங்கள்ல நானும் ஒரு ஆளு. இன்னும் இந்தத் தோள்பட்டை வலிக்குது.

செம்மலை: மத்தக் கவுன்சிலருக என்ன சொல்றாக?

வீரையா: ஒருத்தருக்கு நெஞ்சுவலி. ஒருத்தர் குலதெய்வம் கும்பிடப் போயிட்டாரு. போன தீர்மானத்தப்பவும் அங்கதான் கும்பிட்டுக்கிட்டு இருந்தாரு. பாண்டீஸ்வரன் வீட்டுல கேட்டா, அவரு குளிக்கிறாருன்னாக. நேத்துக் காலையில குளிக்கப் போனவரு, இன்னும் குளிக்கிறாரு. ஊருக்குள்ள தண்ணிக் கஷ்டம் தீர்ந்துருச்சு போல.

செம்மலை: எம்.எல்.ஏ.கிட்டப் போகலையா?

வீரையா: போகாமயா? சன்னல் வழியாப் பேசுனாரு. 'மேலிடத்துல கேட்டுச் சொல்றேன்'னாரு. மேலிடத்துக்குப் போன் போட்டா, அதுக்கு மேல ஒரு இடம் இருக்காம், அங்க கேக்கணுமாம். இப்படியே ஏறிக்கிட்டுப் போனா, பயப்படாத ஆளு ஆகாசத்துலதான் யாரோ ஒருத்தர் இருக்காரு போல. அங்க டவர் கிடைக்கலை.

செம்மலை: பாத்தீகளா? ஒருத்தரும் வரப்போறதில்லை. நான் ஒத்தை ஆளு போயி என்ன...

வீரையா: அவுகளும் அதையேதான் சொல்றாக. 'செம்மலை வந்தா நாங்களும் வாரோம்'கிறாக. பாண்டீஸ்வரன் குளியலறைக்குள்ள இருந்தே சத்தம் போட்டுச் சொன்னாரு.

செம்மலை: இன்னும் ஒரு இட்லி இருக்கா மாமா?

வீரையா: கையைக் கழுவுங்க, மணி பத்தாகப் போகுது. வாங்க போவோம்.

செம்மலை: எங்க?

வீரையா: வெளிய. காவலுக்கு நிக்கிறவங்கெ அசலூர்ப் பயலுக. நம்ம சீமை வீடுக எப்படி இருக்கும்னு அவங்களுக்குத் தெரியாது. முன்வாசல் இந்தத் தெருவுல இருந்தா, பின்வாசல் அடுத்த தெருவுல இருக்கும். பின்பக்கம் ஒருத்தனும் காவலுக்கு நிக்கலை.

செம்மலை: பின்கதவு பூட்டியிருக்குமே.

வீரையா: சாவிக்காரன்கிட்டயா இதைச் சொல்றீக? நடந்துக்கிட்டே பேசுவோம், வாங்க. நிலை தாழ்வா இருக்கும், குனிஞ்சு... ஆகா. நீங்க நல்லாவே குனியிறீக.

செம்மலை: மாமா, போனைப் பிடுங்கி வச்சிருக்காங்கெ.

வீரையா: ஓட்டுப் போடக் கை போதும்.

செம்மலை: செருப்பு முன்வாசல்ல கெடக்கு.

வீரையா: என் செருப்பைப் போடுங்க.

செம்மலை: இது பெருசா இருக்கு.

வீரையா: எனக்கும் பெருசுதான். எங்க அண்ணன் போட்டது.

செம்மலை: வெயிலு வேற... எனக்குச் சுகர் இருக்குல்ல மாமா.

வீரையா: நாச்சியாருக்கும் இருக்கு. அவ கட்டிலுக்கு மேல வேப்பங்கொப்பு ஒண்ணுதான் நிழலு.

செம்மலை: வண்டிக்கு என்ன செய்ய?

வீரையா: ஆட்டோ நிக்குது.

செம்மலை: ஆட்டோவா? யாருகிட்டச் சொன்னீக?

வீரையா: ஆட்டோக்காரன்கிட்ட.

செம்மலை: செத்த நில்லுங்க. மூச்சு வாங்குது.

வீரையா: நிக்கலாம், இது ரெண்டாங்கட்டு. நல்லா நிழலா இருக்கும். முத்துவீரன் ஒரு காளை வளர்த்தான், தெரியுமா உங்களுக்கு?

செம்மலை: மறுபடியும் கதையா...

வீரையா: கதையில்லை, நான் கண்ணால பாத்தது. வருசம் பூராப் பருத்திக்கொட்டை, பேரிச்சம்பழம். மஞ்சுவிரட்டு அன்னைக்குத் தொழுவுல நிறுத்தி, மாலையைப் போட்டு, கயித்தை உருவி விட்டாச்சு. ஊரே வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது. காளை என்ன செஞ்சுச்சுங்கிறீக? கீழ கெடந்த கயித்தை வாயில கவ்வியாந்து முத்துவீரன் கையில குடுத்துச்சு. குடுத்துட்டு, கட்டுன்னு தலையை நீட்டுச்சு.

செம்மலை: பொய்யி.

வீரையா: பொய்யா இருந்தா நல்லாருக்கும்.

செம்மலை: சரி... அப்புறம் என்ன செஞ்சான்?

வீரையா: கட்டிட்டான். வேற என்ன செய்ய? பருத்திக்கொட்டை ஆட்டி ஆட்டி ஊத்துன அவன் பொண்டாட்டிதான் ரொம்ப நாள் யாரு கூடவும் பேசலை.

செம்மலை: என்னயக் குத்திக் காட்டுறீக.

வீரையா: மாட்டைத்தானே சொன்னேன்.

செம்மலை: தங்கச்சி மீனலோசனி எங்க மாமா? அவளும் ரோட்டுலயா உக்காந்திருக்கா?

வீரையா: அவளை நேத்துப் போலீஸ் கொண்டு போயிருச்சு.

செம்மலை: என்னது! எதுக்கு?

வீரையா: உங்களைக் காணோம்னு புகார் குடுக்கப் போனா. கடத்தலும் இல்லை கிடத்தலும் இல்லை, பொய்ப் புகார் குடுத்துக் கலவரத்தைத் தூண்டுறேன்னு அங்கயே உக்கார வச்சுட்டாக. வெறுந்தரையில. பெஞ்சுல உக்காரவான்னு கேட்டதுக்கு, அது பெரிய மனுசருக்கு உள்ளதுன்னாகளாம்.

செம்மலை: அவ எதுக்கு அங்கெல்லாம்...

வீரையா: வாசல் வாசலாப் போயி உங்களுக்கு ஓட்டுக் கேட்டவ அவதானே. 'எங்க அண்ணன் தானாப் போற ஆளில்லை, தூக்கிட்டுத்தான் போயிருக்கணும்'னு, மிரட்ட மிரட்ட அதையே சொன்னாளாம்.

செம்மலை: இப்ப... விட்டுட்டாகளா?

வீரையா: வெளிய போயிக் கேட்டாத் தெரியுது. இந்தா, இதுதான் பின்கட்டுக் கதவு. தாழ்ப்பாள் போடலை. இழுத்தாத் திறந்துக்கிரும். இழுங்க.

செம்மலை: செத்த இருங்க, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கிறேன்.

வீரையா: இழுங்க மாப்ள.

செம்மலை: முன்னாடி நிக்கிறவங்கெ ஓடியாந்துட்டா?

வீரையா: அவங்கெ வழி கேட்டு இங்குட்டு வந்து சேர்றதுக்குள்ள, நீங்க நகராட்சியில கையைத் தூக்கி இறக்கிறலாம்.

செம்மலை: முடியாது மாமா.

வீரையா: எது? கதவா, கையா?

செம்மலை: சேர்மன் எனக்குப் போன் பண்ணுனாரு.

வீரையா: மிரட்டுனாரா?

செம்மலை: ம்.

வீரையா: என்னன்னு?

செம்மலை: 'நல்லா இருக்கியா செம்மலை'ன்னு கேட்டாரு.

வீரையா: சரி. அப்புறம்?

செம்மலை: 'வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காகளா'ன்னாரு.

வீரையா: அப்புறம்?

செம்மலை: அவ்வளவுதான்.

வீரையா: அவ்வளவுதானா!

செம்மலை: உங்களுக்குப் புரியாது மாமா. இத்தனை வருசத்துல ஒரு நாள்கூட அவரு என்னய அப்படிக் கேட்டதே இல்லை. நானும் நல்லா இருக்கேங்கய்யான்னேன். போனை வைக்கிறதுக்குள்ள சட்டை நனைஞ்சு போச்சு.

வீரையா: எங்களை லத்தியைக் காட்டி மிரட்டுறான். லாரியைக் கொண்டாந்து காலுக்குப் பக்கத்துல நிப்பாட்டுறான். நாங்க எந்திரிக்காம உக்காந்திருக்கோம். உன்னய நல்லா இருக்கியான்னு கேட்டுட்டான்னு நீ கட்டில்ல படுத்துக் கெடக்கே.

செம்மலை: 'நீ'ங்கிறீக மாமா...

வீரையா: வாய் தவறிச் சொல்லலை.

செம்மலை: உங்களுக்குப் பயமில்லை. நீங்க பேசலாம்.

வீரையா: பயமில்லைன்னு எவன் சொன்னான்? நாளைக்கு இந்தச் சாவியைப் பிடுங்கிருவாங்கெ. இந்த வயசுல எவன் எனக்கு வேலை குடுப்பான்? எல்லாருக்கும் பயம் இருக்கு. இருக்கப்போயித்தானே ஒரு ஆளைப் பொறுக்கி எடுத்து மன்றத்துக்கு அனுப்புறோம். எங்களுக்குச் சேர்த்து நீ அங்க நிப்பேன்னு. உன் பயத்தையும் நாங்களே சுமக்கிறதுன்னா, அப்புறம் நீ எதுக்குப்பா?

செம்மலை: கையைத் தூக்குனா சேர்மன் பகை. தூக்கலைன்னா ஊர் பகை. ரெண்டுக்கும் நடுவுல நான் எங்க போறது?

வீரையா: இங்க வந்தா ரெண்டு பகையும் இல்லை. அப்படித்தானே?

செம்மலை: என்ன சொல்றீக?

வீரையா: கட்டிலுக்கு அடியில பெட்டி இருக்கு. இஸ்திரி போட்ட வேட்டி, சட்டை. சவரக் கத்தி. சுகர் மாத்திரை, காலைக்கு ஒரு டப்பா, சாயந்தரத்துக்கு ஒரு டப்பா. கடத்த வந்தவங்கெ ரொம்பப் பொறுமைசாலிக போலருக்கு. நீ எல்லாத்தையும் எடுத்து வைக்கிற வரைக்கும் நின்னுருக்காங்கெ.

செம்மலை: மாமா, சத்தம் போடாதீக.

வீரையா: நான் எங்க சத்தம் போட்டேன்?

செம்மலை: உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன். வெளிய சொல்லிராதீக.

வீரையா: என்னத்தைச் சொல்லாம இருக்கணும்? அதைச் சொல்லு.

செம்மலை: என்னய... யாரும் கடத்தலை. நான்தான் அவருக்குத் திரும்பப் போன் பண்ணி, வண்டி அனுப்புங்கய்யான்னேன். வாசல்ல ஆள் போடச் சொன்னதும் நான்தான். தீர்மானம் தோக்கவும் சட்டையைக் கிழிச்சுவிட்டுக்கிட்டு ஊருக்கு வந்துறலாம்னு... தப்பிச்சு வந்தேன்னு சொன்னா எல்லாரும் நம்புவீக. மாலைகூடப் போடுவீக. இன்னைக்கு ஒரு பொழுதுதான் மாமா. மீனலோசனிக்கு மட்டும் தெரிய வேணாம். அவ தாங்க மாட்டா.

வீரையா: நான் யாருகிட்டயும் எதுவும் சொல்லலைப்பா. காலையில ஆட்டோக்காரன் சொல்லி, ஊர்ச் சனம் உன்னய மீட்கக் கடப்பாரையோட வந்தாக. 'கடப்பாரை வேணாம், கதவு திறந்துதான் கெடக்கு, அவரு தன் காலால நடந்து வருவாரு'ன்னேன். அது ஒண்ணுதான் நான் சொன்னது. என் கதையிலயே பெரிய பொய்யி அதுதான் போல.

செம்மலை: யாரு... யாரு வந்தா? மாமா, கதவுக்கு அங்குட்டு யாரு நிக்கிறா?

மீனலோசனி: நான்தான் அண்ணே. விடிய விட்டுட்டாக. ரோட்டுல உக்காந்திருந்த எல்லாரும் இங்கதான் நிக்கிறோம், எல்லாம் கேட்டுச்சு... வீரையா மாமா, நீங்க மட்டும் வெளிய வந்துருங்க. வந்து, கதவை வெளிப்பக்கமாப் பூட்டிருங்க. அண்ணனை அடைச்சு வச்சிருக்காகன்னு ஸ்டேசன்ல அத்தனை பேருக்கு முன்னாடி சொல்லிட்டு வந்திருக்கேன். நான் சொன்னது பொய்யாயிறக் கூடாது.