'ஓம்' எண்டு மட்டும் சொல்லுங்கோ அன்ரி

...அவனுக்கோ தீர்ப்பு, எனக்கோ தீர்ப்பு? நீயே சொல்லு யதுஷா! இல்லை, நில், நான் முடிக்கிறன். உன்ர மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக் கார்ட்டோட வந்து நிக்கிறாய். மிசிசாகாவில ஹோல், பிள்ளை ஹெலிகொப்டரில வந்து இறங்குதாம், நான் ஆலாத்தி எடுக்கோணுமாம்... எனக்கு அழுகையே வருது! வாசல் தாண்டேலாதே! போதைத்தூள் வித்துப் பிடிபட்டவன் அக்கான்ர மகன் ராகுலன், அடைஞ்சு கிடக்கிறது நான்!

முந்தி உந்தக் கேசுக்குக் கட்டாயம் ஜெயில் மறியல்தான், ஜட்ஜ் நினைச்சாலும் குறைக்கேலாது. இப்ப சட்டம் மாறி, ஆளைப் பாத்து, வீடுவாசலைப் பாத்து, ஜட்ஜே யோசிச்சு எழுதலாமாம். லோயர் அப்பீல் போட்டு, தண்டனையைத் திரும்பப் பாக்கக் கூப்பிட்டவை. ஜட்ஜ் நல்ல மனிசன், பிள்ளை. ஊரில படிப்பிச்ச எங்கட கஸ்பர் மாஸ்டர் மாதிரி ஒரு முழி... மாஸ்டரும் இப்ப இஞ்ச கனடாவில, அஜின்கோர்ட்டில, பாவம், சுகர்... எங்க விட்டனான்? ஆ, ஜட்ஜ்! 'மிச்சத்தை வீட்டில இருந்து கழி, பகலில வேலைக்குப் போ, பொழுதுபட்டா வெளிக்கிடாத' எண்டு எழுதத்தான் பேனையை எடுத்தவர்.

லோயர் எனக்கு முதலே சொன்னவர்: "இவரை வீட்டில வைச்சிருப்பியளோ எண்டு கேட்டா, 'ஓம்' எண்டு மட்டும் சொல்லுங்கோ அன்ரி."

ஓம் மட்டும்! கூண்டில ஏத்தி, மைக்கும் தந்தா, ஒரு சொல்லோட இறங்கிறதே? கூறைச்சாறி உடுத்துப் போனனான்! பெடியன் திருந்தோணும் எண்டு மனசார ஆசை, பொய் இல்லை. "யுவர் ஆனர், உவனை ஒரு நிமிசம் தனிய விட்டா உருப்படான். விடிஞ்சா பொழுதுபட்டா நான் பக்கத்திலேயே இருந்து புத்தி சொல்லுவன்" எண்டன். பிறகும் கொஞ்சம் கதைச்சனான்... மொழிபெயர்த்த பிள்ளை ரெண்டுதரம் தண்ணி குடிச்சவள்.

ஜட்ஜ் என்னையே பாத்தார். எழுதினதை வெட்டினார். நான் சொன்னதை அப்பிடியே எழுதிப்போட்டார்! வேலைக்கும் போகேலாது, வாசலும் தாண்டேலாது. அன்ரி பக்கத்தில இல்லாம ஒரு நிமிசமும் இருக்கக்கூடாதாம்!

லோயர் தலையில கைவைச்சிட்டார். உந்தா சோபாவில இருக்கிறானே, உவன் என்ன செய்தவன் தெரியுமே? எழும்பி நிண்டு, "யுவர் ஆனர், பழைய ஜெயில் தண்டனையே போதும்" எண்டான்! நன்றி கெட்ட நாய்! ஜட்ஜ் வாயைப் பொத்திச் சிரிச்சவர், நான் கண்டனான்...

யதுஷா? பிள்ளை?

அட, கார்ட்டைச் செருப்புத் தட்டில வைச்சிட்டுப் போயிட்டாளே! இந்தக் காலத்துச் சனத்துக்கு ஒரு பொறுமை இல்லை.

சரி ராகுலன், ரீவியை நிப்பாட்டு. உனக்குத்தான் எழும்பிப் போகேலாதே. முதலிலயிருந்து சொல்லுறன், கேள்.