லாரிக்காரர் சொன்ன பதில்

லாரி ஓட்டற அண்ணன்மாரே... போலியோ மருந்து பத்தி அப்புறம் பேசலாம். முதல்ல ஒரு சின்னக் கதையைக் காதுல வாங்கிக்கங்க.

ஊர் ஊரா போன் போட்டு, 'குழந்தைக்குப் போலியோ மருந்து குடுத்தாச்சா? குடுக்கலைன்னா ஏன்?'னு விசாரிச்சுக் கணக்கெடுக்கிற பொண்ணு எஸ்தர். ஒரு நாள் நம்ம ஆளு ஒருத்தருக்குப் போன் போகுது. லாரி ஓட்டற செங்கோட்டுவேல். விஜயவாடா பக்கம் வண்டியை ஓரங்கட்டிட்டு டீ குடிச்சிட்டிருக்காரு. ஊர்ல அவர் பாப்பா இப்பத்தான் சுவத்தைப் பிடிச்சு நிக்குது.

"பாப்பாவுக்குப் போலியோ மருந்து குடுத்தாச்சுங்களா?"

"அதெல்லாம் எப்பவோ குடுத்தாச்சுங்க!"

எவ்வளவு தெம்பா சொல்றாரு பாருங்க! நாமளும் அப்படித்தானே சொல்லுவோம்?

எஸ்தர் விடல. "யாருங்கண்ணா தூக்கிட்டுப் போனது?"

"அது... என் சம்சாரம்தான் போயிருப்பா."

"போயிருப்பாங்களா... போனாங்களா?"

வந்துச்சே கோபம்! "நம்ப மாட்டீங்களா? இருங்க, அவளையே லைன்ல போடறேன்."

போட்டாரு. "பூங்கோதை, பாப்பாவுக்கு மருந்தெல்லாம் குடுத்தாச்சுன்னு இந்த மேடத்துகிட்ட சொல்லு."

பூங்கோதை மெதுவா, "இல்லைங்க. முதல் தடவை போட்டதோட சரி."

"ஏன்டி?"

"அன்னிக்குக் கூடவே ஊசியும் போட்டாங்க, பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்துச்சு. நீங்க கத்துனீங்க. 'இனிமே நான் சொல்லாம பாப்பாவை எங்கயும் தூக்கிட்டுப் போகாதே'ன்னீங்க. நர்சம்மா கூப்பிடறப்பெல்லாம், அவர் சொல்லட்டும்னுதான் இருக்கேன்... நீங்க இன்னும் சொல்லலைங்க."

கேட்டீங்களா அண்ணன்மாரே? அவர் ஒரு கோபத்துல சொன்னாரு... சொல்லிட்டு வண்டியேறிப் போயிட்டாரு. மறந்தே போயிட்டாரு. அந்தப் பொண்ணு மறக்கலையே!

செங்கோட்டுவேல் டீ கிளாஸைக் கீழ வச்சாரு. "பூங்கோதை... காலைல முதல் வேலையா தூக்கிட்டுப் போ. காய்ச்சல் வந்தா வரட்டும், பாத்துக்கலாம்."

அப்புறம் எஸ்தர்கிட்ட, "மேடம்... குடுக்கலைன்னே எழுதிக்கங்க. ஏன்னு கேட்டா... அப்பன்தான் காரணம்னு எழுதிக்கங்க."

எஸ்தர் அந்த முதல் பதிலோட போனை வச்சிருந்தா என்ன ஆயிருக்கும்? கணக்குல மருந்து இருந்திருக்கும்... பாப்பா உடம்புல இருந்திருக்காது. போலியோ கணக்கைப் பார்த்தா வருது? காலைப் பார்த்தில்ல வருது!

இன்னிக்கு வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி வீட்டுக்கு ஒரு போன் போடுங்க. 'போட்டாச்சா'ன்னு அதட்டாதீங்க. 'நான் ஏதாச்சும் சொல்லி நீ நிறுத்திட்டியா'ன்னு கேளுங்க. கேட்டுட்டு... ஒரு நிமிஷம் பேசாம இருங்க. அவங்க சொல்லட்டும்.