கால் இஞ்ச்

— நான் கேக்குறதுக்கு மொதல்ல பதில் சொல்லுங்க. அது என் அளவு ஜாடிதான?

— கழுவித் தந்துடுறேன்.

— கழுவி? வண்டி எண்ணெய் ஊத்துன ஜாடில நாளைக்கு நான் பால் அளக்கணுமா?

— வண்டி எண்ணெய் இல்ல, ஃபோர்க் ஆயில். முன்சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் குழா இருக்குல்ல, ரெண்டுலயும் ஒரே அளவு ஊத்தணும். வீட்ல கோடு போட்ட ஜாடி அது ஒன்னுதான். சிம்பிள்.

— உங்களுக்கு எல்லாமே சிம்பிள்தான். எட்டு மணிக்கு ‘ஒரு மணி நேரத்து வேலை’ன்னு ஹால்ல வண்டிய ஏத்துனீங்க. இப்ப மணி மூணு. வெட்டுற மேசைக்கு அடில பைப்பு, தையல் மிஷின் மேல ஸ்பேனரு. துணி வாங்க யாராவது வந்தா வண்டிய ஏறிக் குதிச்சுத்தான் உள்ள வரணும்.

— ஞாயித்துக்கிழமை யாரு வர்றா?

— வந்தா? அது என்ன பைப்பு? பாத்ரூம் பைப்பா?

— மாத்துனப்ப மிஞ்சுன துண்டு. ஒரு இஞ்சு அறுத்து ஸ்பிரிங்குக்கு மேல வெச்சிருக்கேன். இனிமே பிரேக் புடிச்சா வண்டி மூக்கு குத்தாது. இதையே கம்பெனில கேட்டா பாதிச் சம்பளத்த எழுதி வெக்கணும்.

— பின்னாடி மாட்டிருக்கீங்களே ரெண்டு, அது?

— பழைய ஷாக்கு, குலுக்கல் தாங்குற ஷாக் அப்சார்பரு. ஏதோ பெரிய வண்டில இருந்து கழட்டுனது. அந்த பழைய சாமான் கடைக்காரரு என் வெயிட்டக் கேட்டு, அதுக்கு ஏத்த ஸ்பிரிங்கா பாத்துப் போட்டுக் குடுத்தாரு. எங்க போற? அந்தத் தண்ணி பாட்டில இப்படிக் குடுத்துட்டுப் போ.

— இப்பத்தான ரொப்பி வெச்சேன்!

— வேலை செய்யிறவனுக்குத் தாகம் எடுக்காதா?

— நட்டு திருகுறதுக்கு நாலு பாட்டிலா? குடிக்க வேண்டியது, பாத்ரூமுக்கு ஓட வேண்டியது, திரும்பி வந்து குடிக்க வேண்டியது. பாதி நாள் அதுலயே போச்சு.

— நான் என்ன பொழுதுபோகாமயா இதப் பண்றேன்? நாளைக்கு மறுபடியும் எனக்கு மேட்டு ரூட்டு. போன மாசம் ரெண்டு தடவ பார்சல முடிக்காமத் திரும்பி வந்தேன். மூணாவது தடவ வந்தா குடோன்ல அட்டைப்பெட்டி ஒட்ட உக்கார வெச்சிடுவேன்னு சூப்பர்வைசர் அத்தனை பேர் முன்னாடியும் சொன்னான். பன்னெண்டு வருஷம் ரோட்டுல இருந்தவன என்ன பேச்சு பேசினான் தெரியுமா?

— தெரியும். ஒரு வாரமா அதத்தான கேட்டுக்கிட்டிருக்கேன்.

— அப்புறம் ஏன் உசுர வாங்குற? இந்த வண்டி குலுக்குற குலுக்குல மத்தியானத்துக்குள்ள சக்கையாயிடுறேன். சாயங்காலம் ஆனா பாதம் ரெண்டும் மரத்துப் போகுது. அன்னைக்கு செருப்பு கழண்டு விழுந்ததே தெரியல, ரெண்டு தெரு தள்ளிப் போய்த்தான் பாத்தேன். எல்லாத்துக்கும் காரணம் இப்ப கழட்டிப் போட்ட அந்த செத்துப்போன ஷாக்குதான்.

— உங்க அண்ணன் வந்தப்ப என்ன சொன்னாரு? ஒரு எட்டு டாக்டரப் பாருடான்னு சொன்னாரா இல்லையா?

— அவருக்கு சுகரு. தனக்கு ஊசி போடுறாங்கன்னு ஊருக்கே போடச் சொல்லுவாரு. நான் டீக்கு சக்கரை போடுறதே இல்ல. எனக்கு வண்டில கோளாறு, உடம்புல இல்ல. டேப்ப எடு.

— எந்த டேப்பு?

— உன் டேப்புதான்.

— அதுல மட்டும் கிரீஸ் பட்டுச்சு, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன். சொல்லிட்டேன்.

— சரி தாயே, நீயே அளந்து சொல்லு. சீட்டுக்குக் கீழ உன் சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டிருக்கேன் பாரு. அங்கேருந்து கீழ சக்கரத்து நட்டு வரைக்கும். சக்கரம் தரையில படாம தொங்குறப்ப இருபத்தி ரெண்டு. இப்ப ஸ்டாண்ட எடுத்துட்டு நான் ஏறி உக்காருறேன், ஒரு கை செவுத்துல, கால் ரெண்டும் மேல. இருபதரை வரணும்.

— வந்தா?

— ஒன்றரை இஞ்சு அமுங்குதுன்னு அர்த்தம். அதுதான் கணக்கு. ம், அள.

— இருபதே முக்கால்.

— டேப்ப நேராப் புடி. சட்டைத் துணிய அளக்குற மாதிரி வளைக்காத.

— நல்லா இருக்கு கதை. பதினெட்டு வருஷமா டேப்பு புடிக்கிறவளுக்கு நீங்க சொல்லித் தர்றீங்களா? இருபதே முக்கால்.

— இரு, ரெண்டு தடவ அமுக்கி விடுறேன். இப்ப?

— இருபதே முக்கால். இன்னும் பத்து தடவ குதிச்சாலும் அதேதான். ஏங்க, ஒரு கால் இஞ்சுக்காகவா காலைலேருந்து இந்தப் பாடு?

— கால் இஞ்ச் தப்புனா உன் வேலைல என்ன ஆகும்?

— சட்டை கழுத்தப் புடிக்கும்.

— இங்க முதுகெலும்பப் புடிக்கும். ஸ்பிரிங் கல்லு மாதிரி இருக்கு. என் வெயிட்டுக்கு இது அமுங்கவே மாட்டேங்குது. ஏமாத்திட்டான் அந்த ஆளு.

— கீழ ஒரு வளையம் இருக்கே, அதத் திருப்பி லூசாக்கலாம்னு சொன்னீங்களே.

— கடைசிப் பல்லுல நிக்குது. அதுக்கு மேல லூசு கெடையாது. போன எடுத்து அவனுக்குப் போடு. ஸ்பீக்கர்ல வை, என் கையெல்லாம் எண்ணெய்.

— இந்தாங்க, மணி அடிக்குது.

— ஹலோ, கடைக்காரரே? நேத்து ஷாக் வாங்கிட்டுப் போனேனே, கூரியர்காரன்.

— சொல்லுங்க தலைவரே! மாட்டியாச்சா? வண்டி மெத்தை மாதிரி போகுமே?

— மெத்தையா? கட்ட மாதிரி நிக்குது. என்ன ஸ்பிரிங்க போட்டுக் குடுத்தீங்க?

— நீங்க சொன்ன கணக்குக்குத்தான் தலைவரே. எம்பத்தி நாலு கிலோன்னீங்க. எம்பத்தி நாலுக்கு அதான்.

— எம்பத்தி நாலுதான். போன வருஷம் லைசென்ஸ் புதுப்பிக்க மெடிக்கல் போனப்ப எடுத்தது. ஆனா கால் இஞ்ச் கம்மியாத்தான் அமுங்குது.

— அப்ப அளவுல தப்பு பண்றீங்க.

— அளக்குறது நான், அண்ணாச்சி. தையல்காரி. என் அளவுல தப்பு வராது.

— கோவிச்சுக்காதீங்கம்மா. ஒன்னு செய்யுங்க. வெயிட்டு சரியாத் தெரிஞ்ச வேற ஆள உக்கார வெச்சு அளந்து பாருங்க, ஸ்பிரிங்கோட வண்டவாளம் தெரிஞ்சிடும். அப்பவும் சரியில்லன்னா ஆறு மணிக்குள்ள கழட்டிக் கொண்டாங்க, வேற தர்றேன். நாளைக்கு நான் கடை தொறக்க மாட்டேன் தலைவரே.

— வெச்சிட்டான். ஆறு மணிக்குள்ளயாம்! மாட்டவே மூணு மணி நேரம் ஆச்சு. சரி, நீ ஏறு.

— நானா?

— வேற யாரு இருக்கா? உன் வெயிட்டு என்ன? உண்மையச் சொல்லு.

— போன வாரம் ரத்தம் குடுக்கப் போனப்ப பாத்தாங்க. அறுபத்தி ஆறு. எதுக்கு சிரிப்பு?

— சிரிக்கல. ஒரு பக்கமா உக்காராத, கால ரெண்டு பக்கமும் போட்டு உக்காரு. செவுத்தப் புடி. நீ என்னை விடப் பதினெட்டு கிலோ கம்மி. உனக்கு இருபத்தி ஒன்னு கிட்ட நிக்கணும்.

— கைய மொதல்ல பழந்துணில தொடைங்க. தொடைச்சிட்டு டேப்பத் தொடுங்க. ம். என்ன வருது?

— இரு.

— என்னங்க? கை வலிக்குது எனக்கு.

— இருபதே முக்கால். அதுலயும் ஒரு நூல் கம்மி.

— அப்படின்னா?

— அப்படின்னா நீ என்னை விட ஒரு நூல் அதிகமா அமுக்குற! ரத்தம் எடுத்த எடத்துல மிஷின் பொய் சொல்லிருக்கு. நீ என்ன அறுபத்தி ஆறு? நாள் முழுக்க தையல் மிஷின் முன்னாடி உக்காந்தே இருந்தா இப்படித்தான்.

— வாய அடக்குங்க. மூணு பேரு நின்னு பாத்தாங்க, அறுபத்தி ஆறு. முள்ளு அசையல.

— அப்ப ரெண்டு பேரும் ஒரே வெயிட்டா? கேக்குறவன் சிரிப்பான். போச்சு, மறுபடியும் எல்லாத்தையும் கழட்டணும். பதினாலாம் நம்பர் ஸ்பேனர் எங்க? உன் மிஷின் மேல வெச்சேன்ல?

— கொஞ்சம் இருங்க. எறங்கிக்கிறேன்.

— எறங்கி, அந்த ஸ்பேனர எடு.

— எழுந்திரிங்க. நேரா நில்லுங்க.

— என்னை ஏன்டி அளக்குற? நேரம் ஆகுது.

— கையத் தூக்குங்க. மூச்ச இழுக்காதீங்க.

— இழுக்கல.

— முப்பது.

— என்ன முப்பது?

— இடுப்பு. இந்தப் பேண்ட்ட நான் வெட்டுனப்ப முப்பத்தி அஞ்சு. போன மழைக்கு ஒரு தடவ புடிச்சுத் தச்சேன். அப்புறம் வெயில்ல ஒரு தடவ. போன மாசம் ஒரு தடவ. மூணு தடவையும் துணி லூசாயிடுச்சுன்னு சொல்லித்தான் குடுத்தீங்க. நானும் துணியத்தான் திட்டுனேன்.

— அலைஞ்சா எளைக்கத்தான் செய்யும். அதுக்கும் ஸ்பிரிங்குக்கும் என்ன சம்பந்தம்? ஆறு மணிக்குள்ள கழட்டலன்னா நாளைக்கு மேட்டு ரூட்டுல செத்தேன். அப்புறம் அட்டைப்பெட்டிதான். அட, ஏன் மரம் மாதிரி நிக்குற? அந்தத் தண்ணிய எடு, தொண்ட காயுது.

— எதையும் கழட்ட வேணாங்க. ஸ்பிரிங்கு சரியாத்தான் இருக்கு. போன எடுங்க. கடைக்காரருக்கு இல்ல, உங்க அண்ணனுக்கு.