முப்பத்திரண்டு கோடு

இல்லண்ணே, அந்த மஞ்சக் கோட்டத் துடைச்சிடாதீங்க. அழுக்கில்ல அது, பெயின்ட். நான் போட்டதுதான். நட்ட நல்லா முடுக்கிட்டு, நட்டு மேலேருந்து ஃப்ரேம் வரைக்கும் ஒரே இழுப்பா ஒரு கோடு. நட்டு துளி திரும்பினாலும் கோடு ரெண்டா உடைஞ்சு தெரியும். ஸ்பேனரே வேணாம், கண்ணு போதும். எங்க தொழில்ல அப்படித்தான் பழக்கம். லிஃப்ட் மெக்கானிக் நான். இருபத்திரண்டு வருஷமா நட்டு முடுக்குறதுதான் பொழப்பு.

ஆமா, தெரியுது. இந்த நட்டுல கோடு சேரல. பாத்தேன்.

அது இருக்கட்டும், வீல்ல ஸ்போக்ஸ் கம்பி எத்தனை போச்சு? அஞ்சா. கோட்டம் எடுத்தா ரிம் தேறிடுமா? சாயங்காலம் ஆகுமா, ஆகட்டும். நிதானமாவே பண்ணுங்க. நான் இந்த முக்காலியில உக்காந்துக்கறேன். சும்மா பேசிட்டிருப்பேன், தொந்தரவா இருந்தா சொல்லிடுங்க. பேசலன்னா உங்க கையவே வெறிச்சுப் பாத்துட்டிருப்பேன், அது உங்களுக்கு இன்னும் கஷ்டம்.

டீயா? வேணாண்ணே, இப்பதான் குடிச்சேன். குடிச்சேங்கறதே காலி கிளாஸப் பாத்துத்தான் தெரிஞ்சுது. சூடும் தெரியல, இனிப்பும் தெரியல. மத்தியானத்துலேருந்து இப்படித்தான் இருக்கு. மரத்துப்போன பல்லு மாதிரி, ஆளு பூரா. மத்தபடி நல்லாத்தான் இருக்கேன்.

குடும்பத்தோடதான் வந்தோம். நாலு பேரு, நாலு சைக்கிள். இன்னையோட பத்தொம்பது நாள். கடல் வரைக்கும் போறோம். இன்னும் அம்பத்திரண்டு கிலோமீட்டர்தான் பாக்கி. ஏன், அந்த ஊர்ல ரயில் நிக்காதான்னு கேக்காத ஆளே இல்ல, நீங்களும் கேட்டுட்டீங்க. நிக்குது. எங்க சின்னவ அஞ்சு வயசுல கேட்டா, கடலுக்கு சைக்கிள்லயே போலாமாப்பான்னு. நானும் ஏதோ வேலையில இருந்தவன், ஓ போலாமேன்னுட்டேன். பிள்ளைங்க எத வேணா மறக்கும், நாம போற போக்குல சொன்னத மட்டும் மறக்காது. இப்ப அவளுக்கு ஒம்பது வயசு.

அவதான் எப்பவும் முன்னாடி. அவ சைக்கிளுக்கு கொசுன்னு பேரு வச்சிருக்கோம். கொசு போற வேகம்தான் எங்க எல்லாருக்கும் வேகம். இதோ நீங்க தலைகீழா நிறுத்தி வச்சிருக்கீங்களே, இதுக்குப் பேரு யானை. டென்ட், ஸ்டவ்வு, பாத்திரம், நாலு பேரு துணி, எல்லாம் இது முதுகுலதான். காலையில யானை எனக்கு, மத்தியானம் சாப்பிட்டப்புறம் என் சம்சாரத்துக்கு. கிளம்புறப்பவே பேசி வச்ச ஏற்பாடு. ஆனா அவளுக்கு முட்டி வலி வந்ததுலேருந்து, மூணு நாளா, காலை மாலை ரெண்டு வேளையும் நான்தான் ஓட்டுறேன். எல்லாருக்கும் தெரியும், யானை என் பொறுப்புன்னு.

பெரியவளா? அதோ எதிர்ல, கரண்ட் கம்பத்துக்குக் கீழ பிளாட்பாரத்துல உக்காந்திருக்காளே, மடியில பையோட, அவதான். பதினாலு வயசு. அந்தப் பைக்குள்ள ஸ்பேனர், பெயின்ட் டப்பா, ஒரு நோட்டு. கோடு பாக்குறது அவ வேலை. ஒரு சைக்கிளுக்கு எட்டு, நாலு சைக்கிளுக்கு முப்பத்திரண்டு கோடு. தினம் காலையில, நாங்க பல்லு விளக்குறதுக்கு முன்னாடியே, மண்ணுல முட்டி போட்டு டார்ச் அடிச்சு ஒண்ணு ஒண்ணாப் பாப்பா. பாத்து முடிச்சு, முழங்கால தட்டிட்டு எழுந்து, முப்பத்திரண்டும் சரின்னு ஒரு சத்தம். அது கேக்காம நாங்க யாரும் சீட்டுல ஏற மாட்டோம். ஒரு நாள் அவங்கம்மா, ஆபீசரம்மா உத்தரவு குடுத்துட்டாங்க, கிளம்பலாம்னு சும்மா சீண்டினா. மூஞ்சத் தூக்கி வச்சுக்கிட்டுப் பத்து கிலோமீட்டர் பேசவே இல்ல இவ. அவ்வளவு கண்டிப்பு. அப்படியே அப்பன மாதிரின்னு நேத்து வரைக்கும் பெருமை அடிச்சிட்டிருந்தேன்.

கூப்பிட்டுப் பாத்துட்டேன், வர மாட்டேங்குறா. வெயில் பழகிருச்சு அவளுக்கு, விடுங்க.

அவங்கம்மா ஆஸ்பத்திரியில இருக்கா. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி, ரெண்டு மாடிக் கட்டடம். மணிக்கட்டு எலும்பு ரெண்டு இடத்துல விட்டுருச்சு. தாடையில நாலு தையல். மாவுக்கட்டுப் போட்டுட்டிருக்காங்க, சின்னவ கூட இருக்கா. உயிருக்கு ஒண்ணுமில்லன்னாரு டாக்டர். நர்ஸும் அதையேதான் சொன்னாங்க. நானும் சரிங்க சரிங்கன்னு தலையாட்டிட்டு யானையத் தூக்கிட்டு வந்துட்டேன்.

உங்களை இனிமே நான் பாக்கப் போறதில்ல, அந்தத் தைரியத்துல ஒண்ணு சொல்றேன். நாங்க பிரியறோம்ணே. அவளும் நானும். கையெழுத்துப் போட்டாச்சு, அவ தனியா வீடும் பாத்துட்டா. சண்டை சச்சரவெல்லாம் ஒண்ணும் இல்ல. சண்டை போட்டிருந்தாலாவது பேச்சு இருந்திருக்கும். கேஸ் தீந்துருச்சு, சாவிய எங்க வச்சே, நாளைக்கு லேட்டாகும். ரெண்டு வருஷமா இதத் தாண்டி எங்க வீட்டுல பேச்சே கிடையாது. அவ ஒரு நாள் சொன்னா, செவுத்துகிட்ட பேசினா எதிரொலியாவது வரும்னு. நான் எழுந்து போய், சொட்டிட்டிருந்த குழாய முடுக்கினேன்.

பிள்ளைங்களுக்குத் தெரியாது. கடல் போய்ச் சேந்ததும், ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து சொல்லணும்னு முடிவு. அவ சொன்ன யோசனைதான். குடுத்த வாக்கக் காப்பாத்திட்டு அப்புறம் சொல்லுவோம்னா. நியாயமாத்தான் பட்டுது. சின்னவ ஒரு காலி பாட்டில் கொண்டு வரா, கடல் தண்ணி புடிச்சு வீட்டுல வைக்கணுமாம். எந்த வீட்டுலன்னு அவளுக்குத் தெரியாது.

ஆனா பாருங்க, ரோட்டுல வேற மாதிரி ஆயிருச்சு. எப்படின்னு தெரியல. காத்து எதிர்ல அடிக்குது, பிரேக்கு சத்தம் போடுது, அந்த ஊர்ல தண்ணி கிடைக்குமா, இப்படி ஏதாவது பேசித்தானே ஆகணும். பேச ஆரம்பிச்சது நிக்கல. என் சாக்ஸத் துவைச்சு ஹேண்டில்பார்ல காயப் போட்டா. நான் அவ முட்டிக்குத் தைலம் தேச்சு விட்டேன். நேத்து டென்ட் கட்டுறப்ப கம்பி விடுபட்டு மொத்தமும் என் தலை மேல விழுந்துருச்சு. உள்ள மாட்டிக்கிட்டு நான் கையக் கால உதறுறேன், அவ தரையில உக்காந்து வயித்தப் புடிச்சுட்டு சிரிக்கிறா. அவ அப்படிச் சிரிச்சு எத்தனை வருஷம் ஆச்சு. துணிக்குள்ளயே கொஞ்ச நேரம் அசையாம இருந்தேன்ணே, சிரிப்பு நின்னுடக் கூடாதேன்னு.

அப்பதான் தோணுச்சு, இன்னும் ரெண்டு நாள் கிடைச்சாத் தேவலைன்னு. ரெண்டு நாள்ல என்ன மாறிடும்னு கேட்டா எனக்குத் தெரியாது. அவகிட்டயே கேட்டிருக்கலாம், கொஞ்சம் மெதுவாப் போலாமான்னு. எனக்கு அதுதான் வராது. எனக்கு வாய் வராது, கைதான் வரும்.

கம்பி முடுக்குற சாவியா வேணும்? இந்தாங்க. ம்.

இன்னைக்கு மத்தியானம் ஒரு பெட்ரோல் பங்க் நிழல்ல உக்காந்து ரொட்டியும் அவிச்ச முட்டையும் சாப்பிட்டோம். அங்கேருந்து மூணு கிலோமீட்டர் ஒரே ஏத்தம், அப்புறம் நீளமா ஒரு இறக்கம். நான் கை கழுவிட்டு வரேன், அவ யானை மேல கை வச்சுட்டு நிக்கிறா. மூணு நாளா நீங்களே இழுக்குறீங்க, முதுகு வளைஞ்சு போச்சு உங்களுக்கு, இன்னைக்கு நான் எடுத்துக்கறேன்னா. முட்டி தேவலையாம். வேணாம்னு நான் சொல்லணும். சொல்லல. ஏன்னு கேப்பாளே. ஒரு அரை நிமிஷம் இருக்கும், கையில தண்ணி சொட்டச் சொட்ட அப்படியே நின்னேன். அதுக்குள்ள கொசு கிளம்பிருச்சு. யானையும் பின்னாடியே போயிருச்சு. நான் அவ சைக்கிள எடுத்துக்கிட்டேன்.

ஏத்தத்துல ஒண்ணும் ஆகல. முட்டிய நினைச்சு இறங்கித் தள்ளிட்டே போயிட்டா. மிதிச்சாத்தானே செயின் இழுத்து வீலு இடம் நகரும். உச்சிக்குப் போய் ஏறி உக்காந்து, இறக்கத்துல கொஞ்சம் வேகம் எடுத்தப்புறம் அழுத்தி ரெண்டு மிதி. அவ்வளவுதான். வீலு ஒரு பக்கமா இழுத்துட்டுப் போய் ஃப்ரேம்ல இறுகிருச்சு. யானை குறுக்கால திரும்பி அவளத் தூக்கி வீசிருச்சு. நான் நூறடி பின்னாடி. பாத்திரமெல்லாம் உருண்டு ரோடு பூரா சிதறிக் கிடந்துச்சு, எவ்வளவு சத்தம் வந்திருக்கும். எனக்கு ஒண்ணும் கேக்கல.

பெரியவதான் முதல்ல ஓடினா. அம்மாவ நிமித்தி உக்கார வச்சா, துண்ட மடிச்சுத் தாடையில அமுக்கினா, நடு ரோட்டுல நின்னு ஒரு வேன மறிச்சா. நான் கூட மாட நின்னேன், அவ்வளவுதான். அம்மாவ ஏத்தினப்புறம்தான் அவ யானையப் பாத்தா. பின் வீல்ல, செயின் பக்கத்து நட்டுல கோடு உடைஞ்சிருக்கு. அப்பா, காலையில இது நேரா இருந்துச்சுப்பா, நான் பாத்தேன்னா.

நல்லாப் பாத்தியாம்மான்னு கேட்டேன்.

அவ்வளவுதான் கேட்டேன். திட்டக்கூட இல்ல. வேன்ல உக்காந்து அந்த நோட்ட எடுத்தா. இன்னைக்குத் தேதிக்கு நேரா முப்பத்திரண்டுன்னு இருந்தத அடிச்சிட்டு, முப்பத்தொண்ணுன்னு எழுதினா.

இத்தனைக்கும் ஒரு நாள்கூடத் தள்ளிப் போகலண்ணே. கட்டுப் போடுறப்பவே என் சம்சாரம் எல்லாத்தையும் யோசிச்சு முடிச்சுட்டா. அவ சைக்கிளையும் கொசுவையும் பஸ் மேல ஏத்திட்டு அவளும் சின்னவளும் வந்துடுவாங்களாம். நானும் பெரியவளும் காலையில சைக்கிள்ல கிளம்பணுமாம். மத்தியானம் கடற்கரையில பாப்போம், பேசினபடி சொல்லிடுவோம்னா. அப்புறம் ஒண்ணு சொன்னா, யானை நல்ல நேரம் உங்ககிட்ட இல்லாமப் போச்சு, நீங்கன்னா இன்னும் வேகமாப் போயிருப்பீங்கன்னு. எனக்கு அங்க அழுகை வந்திருக்கணும். வரல.

ஆமாண்ணே. நீங்க சொல்றது சரிதான். குலுங்கித் தானா கழண்ட நட்டு இப்படி இருக்காது. மூலையில ஸ்பேனர் புடிச்ச தடம் புதுசா மின்னுது. நான் வந்தவுடனே நீங்க வெளிச்சத்துல திருப்பிப் பாத்தீங்க, நீங்க பாத்தத நானும் பாத்தேன். அதுக்குத்தான் இத்தனை பேச்சு.

மத்தியானம் பங்க்ல, அவங்க மூணு பேரும் ரொட்டி வாங்கப் போயிருந்தாங்க. பெரியவ பைய என்கிட்ட குடுத்துட்டுத்தான் போனா, பாத்துக்கப்பான்னு. அரைச் சுத்துதான் திருப்பினேன். நான்தானே ஓட்டப் போறேன், ஏத்தத்துல ரெண்டு மிதியில இறுகிரும், சாமான் கிடைக்கலன்னு சொல்லி இந்த ஊர்ல ரெண்டு நாள் ஓட்டிடலாம்னு கணக்கு.

எழுந்துட்டா பாருங்க. இங்கதான் வரா. உங்ககிட்டத்தான் கேக்க வரா, நட்டு எப்படிக் கழண்டுச்சுன்னு. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாண்ணே. கோட்டம் எடுங்க. அந்தத் துணிய மட்டும் இப்படிக் குடுங்க, கையத் துடைச்சுக்கறேன்.

வாம்மா. அந்த நோட்ட எடு. காலையில முப்பத்திரண்டும் சரியாத்தான் இருந்துச்சு.