பிரிட்ஜ் கண்ணாடியை உடைத்த காரணம்

பெயர் மாதேஷ், வயது 36, தகப்பனார் பெயர் தீர்த்தன். நல்லம்பள்ளி வட்டத்தில் சொந்தக் காட்டில் சாமந்தி பயிரிட்டு வருகிறேன். காவல் நிலையத்தில் என்னை விசாரித்தபோது நான் சொல்வது என்னவென்றால்:

என் மகள் மணிமேகலைக்கு ஆறு வயது. பிறந்தது முதல் சட்டை உரசினாலே தோல் கொப்பளித்து உரிந்துவிடும். தோலில் உள்ள செல்கள் பிடித்துக்கொள்ளும் கொக்கி போன்ற அமைப்பில் கோளாறு என்றும், எந்தப் பிடி எப்படி விடுகிறது என்று உயிருள்ள செல்லில் பார்த்தால்தான் மருந்தை முடிவு செய்ய முடியும் என்றும் டாக்டர் சொன்னார். அதன் பிறகு தொடையில் கொஞ்சம் தோல் எடுத்தார்கள். அந்தப் புண் ஆறாமல் சீழ் வைத்துவிட்டதால் இனிமேல் எடுக்கவே முடியாது என்றும் சொல்லிவிட்டார்கள். எடுத்த அந்தத் தோலிலிருந்து சேலத்து ஆய்வுக்கூடத்தில் ஒரே ஒரு தட்டில்தான் செல்கள் வளர்ந்தன. செல்லை உயிரோடு படம் பிடிக்கும் நுண்ணோக்கி பெங்களூரில் இருப்பதால், உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கும் பேட்டரிப் பெட்டியில் அந்தத் தட்டை வைத்து, ஆய்வு மாணவி சுமலதாவும் நானும் இன்று காரில் கிளம்பினோம்.

தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து வண்டிகள் நின்றுவிட்டன. பேட்டரி இறங்கியதால் சாலையோர ஓட்டலில் கேட்டு, பெட்டியைச் சார்ஜில் போட்டோம். சுமலதா போன் பேசப் போனார். நான் வழி எப்போது விடுவார்கள் என்று விசாரிக்கப் போனேன். அதன் பிறகு வந்து பார்த்தபோது பெட்டி கூல்டிரிங்க்ஸ் பிரிட்ஜுக்குள் பாட்டில்களுக்கு நடுவே இருந்தது. பிரிட்ஜ் பூட்டியிருந்தது. ஓட்டல்காரர் அறிவழகன் சாவியோடு, கவிழ்ந்த லாரியின் டிரைவரைத் தூக்கப் போயிருந்தார். சுமலதா, "அண்ணா, குளிர் பட்டா செல்லு புடிய விட்டுடும், எல்லாம் தட்டுலருந்து கழண்டுடும்" என்று அழுதார். அதன் பிறகு எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கல்லை எடுத்துக் கண்ணாடியை உடைத்தேன். தடுக்க வந்த சப்ளையர் குருவின் கையைச் சில்லு கிழித்துவிட்டது. அவருக்கும் எனக்கும் விரோதம் எதுவும் கிடையாது.

அறிவழகன் ஓடி வந்து, "ஆஸ்பத்திரி சாமான்னீங்க, பொட்டி சூடாயிட்டே வந்துச்சு, கெட்டுப்போயிடுமேன்னு நான்தானுங்க உள்ள வெச்சேன்" என்றார். நல்லது நினைத்துச் செய்தவர் மேல் என்ன கோபப்படுவது. கல்லைக் கீழே போடாமல் அப்படியே நின்றிருந்தேன். அதற்குள் போலீசார் வந்துவிட்டார்கள்.

பெட்டி இப்போது ரைட்டர் மேசையில் சார்ஜில் இருக்கிறது. செல்கள் பிடித்திருக்கின்றனவா, விட்டுவிட்டனவா என்று நுண்ணோக்கியில் வைத்தால்தான் தெரியும் என்கிறார் சுமலதா. என்னை எத்தனை நாள் வைத்துக்கொண்டாலும் சரி, அந்தப் பெண்ணையும் பெட்டியையும் மட்டும் இப்போதே அனுப்பிவிடுங்கள் என்று காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொள்கிறேன்.

சற்று முன் என் மகள் போனில், "அப்பா, என் தோல பாத்துட்டாங்களா? என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். "பாத்துட்டாங்க சாமி, எல்லாம் கெட்டியா புடிச்சிட்டு இருக்குதாம்" என்றேன்.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது. இதில் கண்டவை எல்லாம் உண்மை. மகளிடம் சொன்னது மட்டும் பொய்.

(ஒப்பம்) தீ. மாதேஷ்