ஜமாத்தில் முடிந்தது, கோர்ட்டில் முடியவில்லை

பல்லடத்திலிருந்து திருப்பூர் போகும் காலை பஸ். எனக்கு முன்சீட்டில் இருவர். ஜன்னலோரத்தில் இருந்தவர் சொன்னது காதில் விழுந்தது.

"ஜமாத்துல நான் தனி ஆளுங்க. கோர்ட்டுல மட்டும் இன்னும் புருசனுங்க."

"அதெப்படிங்க பாய்?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"ஊட்டுக்காரி குலா கேட்டா. பொம்பளை கேட்டு வாங்கற விவாகரத்துங்க. பள்ளிவாசல்ல நானும் சரின்னு கையெழுத்துப் போட்டுட்டேன். அந்தக் காகிதம் மட்டும் பத்தாது, கோர்ட்டுக்கு வாங்கன்னுட்டாரு வக்கீலு. இன்னைக்கு வாய்தா."

"அப்ப பெருநாளைக்கு மாமனார் ஊட்டுச் சீரு?"

"வந்துச்சுங்க. கோர்ட்டு சொல்ற வரைக்கும் மாப்பிள்ளைதான், முறையை விடக் கூடாதுன்னு பிரியாணி அனுப்பிட்டாரு. ஜமாத்து, கோர்ட்டு, மாமனார் ஊடுன்னு மூணு சட்டத்துல அது ஒண்ணுதானுங்க எனக்கு அனுகூலம்."

"எதுக்குங்க குலா கேட்டாங்க?"

"எனக்கு எதுவும் ஞாபகம் இருக்காதுங்க. ஒருக்கா அவளையே துணிக்கடையில மறந்து உட்டுட்டு, வண்டியெடுத்து ஊட்டுக்குப் போயிட்டேன். ஜமாத்துல அதைச் சொன்னா பாருங்க, அத்தனை பேரும் அவ பக்கம். கேக்கக் கேக்க நானும் அவ பக்கம் போயிட்டனுங்க."

பஸ் நின்றது. முன்னால் பெண்கள் சீட்டிலிருந்து ஒருவர் எழுந்து திரும்பினார்.

"ஏனுங்க, கோர்ட்டு வந்துருச்சு, எறங்குங்க. ஜமாத்துக் காகிதம் எடுத்தீங்களா?"

ஜன்னலோரத்துக்காரர் சட்டைப்பையைத் தடவினார். பேண்ட் பையையும் தடவினார்.

"தெரியுமுங்க" என்றார் அந்தப் பெண். "ரெண்டு ஜெராக்ஸ் எடுத்தேன்."